அந்தக் கரைக்குப் போக ஒரு சாவு

ஆகாரிக் கிராமத்தில் சனோபர் ஊசி போடாத வீடு கிடையாது. காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை மருத்துவ நிலையத்தில் வேலை. அதற்கப்புறம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி போடுவாள், படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு முதுகுப் புண் துடைத்து மருந்து வைப்பாள். யாருக்காவது மூச்சு அடங்குகிற நேரம் வந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் மருத்துவருக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் முந்திக்கொண்டு அலற ஆரம்பித்தால், "இருங்கடி, இன்னும் அவங்களுக்குக் காது கேக்குது. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று அதட்டுவாள். எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, வெள்ளைத் துணியால் தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் அவள்தான். ஊரில் பாதிப் பேருடைய தாய்மார்களுக்கு அவள் கைதான் கடைசியாகக் கண்ணை மூடியது.

அவளுடைய சொந்தத் தாய் ஸெபினிஸோ இருந்தது நான்கு கிலோமீட்டர் தூரத்தில், கால்வாய்க்கு அந்தப் பக்கம், துத்ஸோரில். சனோபர் கல்யாணமாகி வந்தபோது மணப்பெண் கார் பத்து நிமிஷத்தில் பாலத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கரை உஸ்பெக் நாடு, இந்தக் கரை கிர்கிஸ் நாடு என்பது அன்றைக்கு வரைபடத்தில்தான் இருந்தது. இரண்டு கரையிலும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே சந்தைக்குப் போனார்கள். பிறகு பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு சாவடி வந்தது. அப்புறம் கம்பி வேலி வந்தது. கலவரம் நடந்த அந்தப் பொல்லாத ஜூன் மாதத்துக்குப் பிறகு பாலத்தையே மூடிவிட்டார்கள்.

போவதற்கு ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. அந்தப் பக்கத்தில் நெருங்கிய உறவில் சாவோ கல்யாணமோ நடக்க வேண்டும். அதையும் போகிறவள் தானே கேட்க முடியாது. அங்கே இருக்கிறவர் மருத்துவரிடம் சீட்டு வாங்கி, தெருக் கமிட்டியில் முத்திரை வைத்து, தபால் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து சான்றளித்த தந்தி வரும். அந்தத் தந்திதான் அனுமதி. மூன்று நாள் தங்கலாம். சனோபர் தன் தாயைப் பார்க்க வேண்டுமானால் அவளுக்காக வேறொருவர் போய் வரிசையில் நின்று, யாரோ இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வருஷம் அவள் போகவில்லை. அந்தப் பக்கத்து சிம் கார்டு ஒன்றை வைத்திருந்தாள். மருத்துவ நிலையத்துக் கிணற்றடியில் நின்றால் சிக்னல் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை அங்கே நின்று பேசுவாள். அப்படி ஒரு நாள் பேசும்போதுதான் அம்மா சொன்னாள்:

"சனோ, வலது கண்ணு முழுசாப் போயிடுச்சுடி. பால் கொட்டினாப்ல இருக்கு. இடது கண்ணும் அதே வழியிலதான் போகுது. இன்னும் ரெண்டு மாசம்னு டாக்டர் சொல்றான். அதுக்குள்ள உன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துடணும்."

அன்று சாயங்காலமே தம்பி தாலிப் கூப்பிட்டான். அங்கே ஃபோனைச் சத்தமாக வைத்து நடுக்கூடத்தில் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, யாரைக் கொல்றது?" என்றான்.

"கல்யாணம்னு போட முடியாதாடா?"

"கல்யாணத்துக்குப் பதிவாபீஸ் சீட்டு கேக்கறான்க்கா. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் நேர்ல போய் நிக்கணும். சாவுக்கு அந்தத் தொல்லை இல்ல, செத்தவன் நேர்ல வரத் தேவையில்லை. என் பேரையே போட்டுடலாம். நான் எதுக்கும் ஆகாதவன்னு உன் தம்பி பொண்டாட்டி தினமும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கா."

கரண்டி ஒன்று எங்கோ விழுந்து உருண்டது. தாலிபின் மனைவி மவ்ஜூதாவின் குரல் கேட்டது: "அந்த வாயில மண்ண அள்ளிப் போட! இன்னொரு தடவை சொல்லு பாக்கலாம்!"

"பாரு, உயிரோட இருக்கும்போதே அடிக்கறா."

"எதுக்குடா இவ்வளவு யோசனை?" என்று அம்மா குறுக்கே வந்தாள். "எழுபது வயசுக் கிழவி குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன், என்னை விட்டுட்டு ஆள் தேடறீங்க. என்னைப் போடுங்க."

"அம்மா, நீ சும்மா இரு."

"நீ சும்மா இருடி. செத்தாத்தான் பெத்த பொண்ணைப் பாக்கலாம்னா ஒரு தடவை செத்துட்டுப் போறேன். என்ன குறைஞ்சிடப் போகுது?"

மருத்துவர் சீட்டுக் கொடுத்துவிட்டார். தெருக் கமிட்டித் தலைவர் குத்பிதீன் கொஞ்சம் இழுத்தார். அதைக் கேட்டதும் ஸெபினிஸோ கீரை வைத்த சம்சா ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு, மருமகள் கையைப் பிடித்தபடி, தன் சாவுக்கு முத்திரை வாங்கத் தானே நேரில் போனாள்.

"வாங்கக்கா," என்றாராம் குத்பிதீன். "அந்த உலகம் எப்படி இருக்கு?"

"முட்டி வலி இல்ல தம்பி. அதுவே பெரிசு. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிட்டுட்டுக் குத்து."

தந்தி வந்தது. சனோபர் துக்கத்துக்கு உடுத்தும் கருநீல உடுப்பைப் போட்டுக்கொண்டு பாலத்தில் நடந்தாள். சாவடியில் நரைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர் இருந்தார். தந்தியைப் படித்தார். பெரிய பதிவேட்டைப் பிரித்து அவள் பெயர், இறந்தவர் தாய், தாயின் பெயர் ஸெபினிஸோ, மூன்று நாள் என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். அழுவதுபோல நடிக்க வேண்டும் என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, "மனசைத் தேத்திக்கோம்மா. தண்ணி குடிக்கறியா?" என்று கேட்டதும் வெட்கத்தில் நிஜமாகவே அழுதுவிட்டாள். அவர் எழுந்து தானே கம்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். "வந்துட்டியா என் சாவுக்கு? வா வா, பொணம் சமைச்சு வெச்சிருக்கு."

சனோபருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா அவளை வெளிச்சத்துக்கு இழுத்துப்போய், இடது கண்ணைச் சுருக்கி, நெற்றியிலிருந்து மோவாய் வரை பார்த்தாள். பார்த்த இடத்தையெல்லாம் கையாலும் தொட்டாள். "மூக்குப் பக்கத்துல இந்த மச்சம் எப்ப வந்துச்சு? எங்கிட்ட சொல்லவே இல்ல" என்று கோபித்துக்கொண்டாள். அந்த மூன்று நாளும் சனோபர் அம்மாவின் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள், மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பையில் போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்கிற சாக்கில் வந்து, "ஐயோ ஸெபினிஸோ, இப்படிப் போயிட்டியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, அவள் கையாலேயே தேநீர் வாங்கிக் குடித்து, சிரித்துப் புரண்டார்கள். அவ்வளவு சிரித்த சாவு வீடு துத்ஸோரில் அதற்கு முன்னால் இருந்திருக்காது.

கிளம்பும்போது அம்மா வாசல் வரை வந்தாள். "அடுத்த தடவை யாரைக் கொல்றதாம்?" என்று கேட்டாள். தாலிப் குத்பிதீனின் பெயரைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தாய்க்கு ஒரு சாவுதான் எழுத முடியும், அதை எழுதியாகிவிட்டது என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அது வசந்த காலம். அடுத்த வருஷம் பருத்தி எடுக்கும் சமயத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாலிப் கூப்பிட்டான்.

"அக்கா, அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு வரல."

சனோபர் கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வாயிலிருந்து வந்ததெல்லாம் தொழில் கேள்விகள்தான். "எந்தப் பக்கம்? தண்ணி குடுத்தா விழுங்கறாங்களா? மூச்சு எப்படி இருக்கு, குறட்டை மாதிரி வருதா? ஃபோனை அவங்க வாய்கிட்ட வை."

அவன் வைத்தான். அந்த மூச்சை அவள் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறாள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, பஞ்சுல நனைச்சு உதட்டுல வைங்க. தாலிப், உடனே போய்த் தந்திக்கு எழுதிக் குடு. நான் துணி மாத்திக்கிட்டுத் தயாரா இருக்கேன்."

அவன் போனான். மதியம் திரும்பக் கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது.

"குத்பிதீன் முத்திரை வைக்க மாட்டேங்கறாருக்கா. செத்தவளுக்கு எப்படிடா ரெண்டாவது தடவை முத்திரை குத்துவேன்னு கேக்கறாரு. தபாலாபீஸ்லயும் போன தந்தியோட நகல் இருக்காம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எல்லாரும் உள்ள போகணும்னு நடுங்கறாரு. கெஞ்சிப் பாத்தேன். அவரும் அழறாரு. ஆனா முத்திரையை எடுத்துப் பெட்டியில பூட்டிட்டாரு."

சனோபர் கிணற்று விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என் பேர்ல போட்டுடலாம்க்கா," என்றான் அவன்.

"டேய்..."

"வேற யாரு இருக்கா? அப்பா எப்பவோ போயிட்டாரு. கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். ஆனா நானே போய் நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுக்க முடியாதே. மவ்ஜூதாதான் போகணும். அவ மாட்டேங்கறா. நீ பேசு."

மவ்ஜூதா ஃபோனை வாங்கினாள். அவள் நல்லவள். மாமியாருக்குக் கண் தெரியாமல் போனதிலிருந்து குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவள்தான். அதனால்தான் சனோபர் எடுத்த எடுப்பிலேயே கெஞ்சினாள்.

"ஒரே ஒரு கையெழுத்து மவ்ஜூதா. உன் கால்ல விழறேன்."

"அக்கா, என்னால முடியாதுக்கா. தப்பா நினைக்காதீங்க. சாவு வீட்டு வாசல்ல வந்து நிக்குது. யார் பேரைச் சொல்லிக் கூப்பிடறதுன்னு பாத்துக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல நான் போய் இவர் பேரை எழுதி என் கையாலயே நீட்டணுமா? எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்குக்கா."

"வெறும் காகிதம்டி அது."

"போன தடவையும் காகிதம்னுதான் சொன்னோம்."

அதற்குப் பிறகு சனோபர் சொன்னதை அவள் சொல்லியிருக்கக் கூடாது. "உங்கம்மா பக்கத்துத் தெருவுல இருக்கா. நினைச்சா நடந்து போய்ப் பாத்துக்கறே. உனக்கு என்னடி தெரியும்? எங்கம்மா மூச்சு உன் கையில நிக்குது. நீதான் என்னைப் பாக்க விடலன்னு அந்த உலகத்துல சொல்லுவேன்" என்றாள். மவ்ஜூதா ஃபோனைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சனோபருக்கு அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அறுந்துபோனது.

அடுத்த நாள் நடந்தது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மவ்ஜூதா விடியற்காலையில் மாமியாரைத் துடைத்து உடை மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். அங்கிருந்து குத்பிதீன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே முத்திரையைக் குத்தினாராம். தபால் நிலையத்தில் 'என் கணவர் இறந்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது ஏழு ரொட்டி வாங்கி வழியில் பார்த்த ஏழைகளுக்குக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, தாலிபின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றாளாம்.

வியாழக்கிழமை காலை தபால்காரர் தந்தியைக் கொண்டுவந்தார். 'தம்பி தாலிப் இறந்தார். உடனே வரவும். மவ்ஜூதா.' பொய் என்று தெரிந்தும் சனோபர் அதை இரண்டு முறை படித்தாள். கணவன் தன் வண்டியில் பாலம் வரை கொண்டுவந்து விட்டான்.

சாவடியில் அதே நரை மீசைக்காரர். அவளை அவருக்கு நினைவிருந்தது.

"மறுபடியுமாம்மா?" என்றார். பழைய பக்கங்களைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தார். "போன வருஷம் அம்மா. இப்ப தம்பி. எத்தனை வயசு?"

"முப்பத்தாறு."

"அட ஆண்டவனே! குழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். சனோபர் பதிவேட்டைப் பார்க்காமல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் நாலு நிமிஷம். அப்புறம் இருபது நிமிஷ நடை. அம்மாவுக்குக் காது கேட்கும்போதே போய்விடலாம்.

அந்தச் சாலையில் தாலிப் வந்துகொண்டிருந்தான்.

நீளமான மேலங்கிக்கு மேல் இடுப்பில் கச்சை கட்டியிருந்தான். பெற்றவர்களை இழந்த மகன் மட்டும்தான் அப்படிக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, அந்தக் கச்சையைப் பார்த்ததுமே, சனோபருக்குத் தெரிந்துவிட்டது.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தாயின் சாவை ஃபோனில் சொல்ல மாட்டார்கள். முகத்தைப் பார்த்து, கையைப் பிடித்து, இரத்த சம்பந்தமான ஒருவர்தான் சொல்ல வேண்டும். அவள் பாலத்துக்கு வந்துவிட்டாள் என்று அவள் கணவன் ஃபோனில் சொன்னதும், அழைத்துவர அவனே ஓடி வந்துவிட்டான். விடியற்காலையிலிருந்து வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தவனுக்கு, தான் செத்துப்போனவன் என்பது மறந்துவிட்டது.

"யாரும்மா அது?" என்று கேட்டார் அதிகாரி.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்ல சனோபர் வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் போயிருக்கலாம். அதற்குள் தாலிப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டான்.

"அக்கா! அம்மா போயிட்டாங்கக்கா!"

அதிகாரியின் விரல் பழைய வரியின் மேலேயே இருந்தது. அவனைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். வரியைப் பார்த்தார்.

"உங்கம்மா போன வருஷமே போயிட்டாங்களே," என்றார்.

"அது பொய், ஐயா. இப்பத்தான் போயிருக்காங்க. இது நெஜம்."

"இந்தத் தந்தி?"

"அதுவும்... அதுவும் பொய். அவன்தான் தாலிப்."

"அப்ப நெஜத்துக்குத் தந்தி எங்கம்மா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் கண், சம்சா, குத்பிதீன், மவ்ஜூதா என்று முன்னுக்குப் பின்னாகக் கொட்டினாள். பெயர்களைச் சொல்லக் கூடாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் நின்ற இளம் சிப்பாயைத் தேநீர் கொண்டுவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்ணும் கேக்கல. இந்தத் தந்தியையும் பாக்கல. இதை எடுத்துக்கிட்டு வந்த வழியே போயிடு. நான் எழுதினேன்னா கையெழுத்துப் போட்ட அந்தப் பொண்ணை இன்னைக்கே கூட்டிட்டுப் போவாங்க. புரியுதா?"

"ஒரு மணி நேரம் ஐயா. முகத்தைப் பாத்துட்டு வந்துடறேன். குளிப்பாட்டிட்டு வந்துடறேன்."

"விடலாம்மா. என்னன்னு எழுதட்டும்? நீயே சொல்லு."

அவர் தந்தியை மடித்து அவள் கையில் வைத்தார்.

தாலிப் அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்துகொண்டான். கம்பியில் தலையை முட்டிக்கொண்டான். "என்னாலதான்க்கா, என்னாலதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் பத்து அடிகூட இல்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொள்ள முடியாது.

"நிறுத்துடா," என்றாள் சனோபர். அவளுக்கே தன் குரல் அடுத்த வீட்டுச் சாவில் பேசுகிற குரல் மாதிரி கேட்டது. "யாரு குளிப்பாட்டறாங்க?"

"மவ்ஜூதாவும் இன்னும் ரெண்டு பேரும்."

"தாடையைக் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. கண்ணுதான்க்கா... பாதி திறந்திருக்கு. மூட மாட்டேங்குது."

"ஈரப் பஞ்சை ரெண்டு கண்ணு மேலயும் வெச்சு மெதுவா அழுத்திப் பிடிக்கச் சொல்லு. அவசரப்படக் கூடாது. நூறு எண்ணச் சொல்லு."

"சரிக்கா."

"எப்ப எடுக்கறீங்க?"

"நடுப்பகல் தொழுகைக்கு."

"அப்பப் போ. அம்மாவைக் காக்க வைக்காதே. போடா."

அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். சாலை வளைகிற இடம் வரை சனோபர் நின்றாள். பிறகு பாலத்தின் மேல் திரும்பி நடந்தாள்.

செய்தி அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். யார் யாருடைய தாய்க்கெல்லாம் அவள் கடைசியில் பக்கத்தில் இருந்தாளோ அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு, அவள் ஒப்பாரியை ஆரம்பித்தால் சேர்ந்துகொள்ளத் தயாராக இருந்தார்கள்.

"அழும்மா. இங்கயே அழுதுடு. எங்க அழுதா என்ன?" என்றார்கள்.

"அழறதுன்னா அந்த வாசல்லதான் அழணும்," என்றாள் சனோபர். எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். மாலையில் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு ஊசி போடப் போனாள். கல் நெஞ்சுக்காரி என்று சிலர் முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. அதற்கப்புறம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், தன் வேலையை முடித்துவிட்டு, பெண்கள் குரலெடுப்பதற்கு முன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவாள்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் மவ்ஜூதாவிடம் பேசினாள். "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றாள். "விடுங்கக்கா" என்றாள் மவ்ஜூதா. தாலிப் திடமாகத்தான் இருந்தான். ஆனாலும் அவன் வீட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமானால்கூட மவ்ஜூதா தெருவில் வந்து நின்றுவிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் கழித்துப் பாலத்தைத் திறந்தார்கள். நீண்ட ஊதுகுழல்களை முழக்கினார்கள். மேளம் அடித்தார்கள். சிறுமிகள் வண்ண உடைகளில் ரொட்டித் தட்டுகளோடு நின்றார்கள். பையும் மூட்டையுமாக ஆகாரிக்கே பாலத்தின் மேல் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள்கூடக் கட்டிக்கொண்டார்கள். சனோபர் மட்டும் கருநீல உடுப்பில் வந்திருந்தாள். கூட்டத்தில் தள்ளிக்கொண்டு முன்னால் போகாமல், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு ஓரமாக நின்றாள். சாவடியில் பதிவேடு இல்லை. தாடி சரியாக முளைக்காத ஓர் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்து மூடிக் கொடுத்தான்.

"யாரைப் பாக்கப் போறீங்கம்மா?" என்று சும்மா கேட்டான், சிரித்துக்கொண்டு.

"அம்மா வீட்டுக்கு," என்றாள்.

"போங்க, போங்க. காத்துக்கிட்டிருப்பாங்க."

இருபது நிமிஷம்தான் ஆனது. துத்ஸோர் தெரு முனை வந்ததும் அவள் தலைத்துணியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாவுக்கு வர முடியாமல் போனவர்கள் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் தெருவிலிருந்தே அழுதுகொண்டுதான் வர வேண்டும், வீட்டில் இருப்பவர்களும் எழுந்து நின்று அன்றுதான் இறந்ததுபோல் கூட அழ வேண்டும் என்பது வழக்கம். அவளுக்கு முதலில் குரலே வரவில்லை. அப்புறம் வந்தது. மூன்று வருஷமாக யார் வீட்டிலும் விடாத குரல் அது. பாலத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

மவ்ஜூதா மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்து சனோபரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலில் நின்று அழுதார்கள். தாலிப் சுவரோரம் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொண்டாட்டத்துக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்தப் பட்டுத் துணிகளோடேயே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

தாமதமாக வந்தவளுக்குக் கடைசி நாட்களைச் சொல்ல வேண்டியது வீட்டுப் பெண்ணின் கடமை. அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் மவ்ஜூதா சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வெச்சோம்க்கா. ஆனா சுவர்ப் பக்கம் திருப்பினா இருக்கவே மாட்டாங்க. நல்லா இருந்த கையைத் தரையில ஊணி, முனகி முனகி, மறுபடி கதவுப் பக்கமே திரும்பிப்பாங்க. கண்ணுதான் ஒண்ணும் தெரியாதே, அங்க என்னத்தைப் பாக்கறாங்கன்னு நினைச்சேன். யாராவது உள்ள வந்தா அந்தக் கையைத் தூக்குவாங்க. வந்தவங்க மூஞ்சியைத் தடவிப் பாப்பாங்க. மூக்குப் பக்கத்துல ஒரு இடத்துல விரலை வெச்சுத் தேடுவாங்க. அப்புறம் கையைக் கீழ போட்டுடுவாங்க. என் மூஞ்சியையே எத்தனை தடவை அப்படிப் பாத்தாங்க தெரியுமாக்கா?"

சனோபர் அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"எந்த இடத்துல படுத்திருந்தாங்க?"

மவ்ஜூதா கூடத்தின் மூலையைக் காட்டினாள். சனோபர் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கதவும், முற்றமும், திறந்திருந்த வாசலும், அதற்கு அப்பால் பாலத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்த தெருவும் தெரிந்தன.